வானம் விட்ட லீவு

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு சின்ன மூடநம்பிக்கை உண்டு. நாளை பெரும் பனி கொட்டும் என்று டிவியில் சொல்லிவிட்டால், அன்றிரவு பைஜாமாவை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். தலையணைக்கு அடியில் ஒரு கரண்டி வைக்க வேண்டும். கழிப்பறைத் தொட்டியில் நாலு ஐஸ் கட்டியைப் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். இதையெல்லாம் முறைப்படி செய்தால் காலையில் பள்ளிக்கூடம் இருக்காதாம். பலித்தால் பைஜாமாவின் பெருமை, பலிக்காவிட்டால் கரண்டி சரியில்லை!

இப்படிக் கிடைக்கும் லீவுக்குத்தான் அங்கே ‘ஸ்நோ டே’ என்று பெயர். நம்மூர் மழை லீவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். (தமிழில் ஒரு சங்கடம். மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பதும் பனிதான், ஆள் உயரத்துக்குக் கொட்டிக் கதவை அடைப்பதும் பனிதான். இங்கே பேசப்போவது இரண்டாவது பனியைப் பற்றி.)

ஒரு மாணவனைக் கற்பனை செய்துகொள்வோம். 2002-ல் பாஸ்டன் நகரத்தில் பிறந்தவன். பள்ளியில் படிக்கும்போது ஸ்நோ டே என்றால் அவனுக்குத் தீபாவளி மாதிரி. கல்லூரிக்கு வந்ததும் முதலில் அதே சந்தோஷம், பிறகு கொஞ்சம் அலுப்பு, பிறகு கணக்குப் பார்க்கும் புத்தி, கடைசியில் பெயர் சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று. இதே வயதில் இதே மாற்றம் அங்கே நிறையப் பேருக்கு வருகிறது. ‘வயசானால் அப்படித்தான்’ என்று தள்ளிவிடலாம். ஆனால் இந்த லீவுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைப் பார்த்தால், அவன் மனசு மாறியதற்கு வயசு மட்டும் காரணமில்லை என்று தெரியும். அவனுக்கு லீவாகத் தெரிந்தது, அதற்கு முன்னால் வேறொன்றாக இருந்தது.

அதற்கு, பனி கொட்டினால் லீவு விடும் வழக்கமே இல்லாத காலத்துக்குப் போக வேண்டும்.

1888 ஜனவரி 12, வியாழக்கிழமை. அமெரிக்காவின் நடுவில் மரமே இல்லாமல் விரிந்து கிடக்கும் புல்வெளிப் பிரதேசம். நெப்ராஸ்கா மாநிலமும், இன்னும் மாநிலமாகாத டகோட்டா பிராந்தியமும். ஜெர்மனி, நார்வே, சுவீடன் என்று பல நாட்டிலிருந்து இலவச நிலத்துக்காக வந்து குடியேறிய விவசாயக் குடும்பங்கள். மைலுக்கு ஒரு வீடு, பல மைலுக்கு ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் என்றால் ஒரே ஒரு அறை. பல இடங்களில் செங்கல்கூடக் கிடையாது, புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிய சுவர்தான்.

அதற்கு முந்தைய நாட்கள் எல்லாம் கடும் குளிர். அன்று காலை மட்டும் ஆச்சரியமாக இதமாக இருந்தது. பல நாள் வீட்டுக்குள் அடைபட்டிருந்த பிள்ளைகள் கனத்த கோட்டை விட்டுவிட்டு லேசான உடையில் பள்ளிக்குக் கிளம்பினார்கள். பெரியவர்களும் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு தூரமாகப் போனார்கள். மேற்கிலும் வடக்கிலும் காலையிலேயே, நெப்ராஸ்காவில் மதியத்துக்குப் பிறகு, வானத்தின் ஓரத்தில் ஒரு சுவர் எழுந்து வந்த மாதிரி புயல் வந்தது. மாவு போல் பொடிப்பொடியான பனி. நீட்டிய கையே கண்ணுக்குத் தெரியவில்லை. வெப்பநிலை சில மணி நேரத்தில் அதலபாதாளத்துக்கு விழுந்தது.

வானிலை முன்னறிவிப்பு என்ற ஒன்று அப்போதும் இருந்தது. ராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவு தந்தி வழியாகத் தகவல் சேர்த்து அறிவிப்பு வெளியிட்டது. ஆனால் தந்திக் கம்பி ரயில் நிலையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து பத்து மைல் தள்ளி மண் வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு யார் போய்ச் சொல்வது? ‘இன்று வராதீர்கள்’ என்று சொல்ல அன்று ஆளே இல்லை.

ஆகவே முடிவு ஆசிரியர்கள் தலையில் விழுந்தது. பிள்ளைகளைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா? வைத்துக்கொண்டால் அடுப்பில் போட விறகோ கரியோ இருக்கிறதா? இதில் கவனிக்க வேண்டிய விஷயம், இந்த ஆசிரியைகளில் பலர் இருபது வயதை ஒட்டிய பெண்கள். இன்றைக்குக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் வயது.

அவர்களில் ஒருவர் நெப்ராஸ்காவின் மீரா பள்ளத்தாக்கில் பாடம் நடத்திய மின்னி ஃப்ரீமன். காற்று பள்ளிக்கூடத்தின் கூரையைப் பிய்த்துவிட்டது. இனி உள்ளே இருந்தால் சாவுதான் என்று, பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து, சுமார் அரை மைல் தூரத்தில் இருந்த பண்ணை வீட்டுக்கு நடத்திக்கொண்டு போய்ச் சேர்த்தார். எல்லோரும் பிழைத்தார்கள். ஒரே கயிற்றில் எல்லோரையும் கட்டி அழைத்துப் போனார் என்று கதை பரவியது (கயிறு உண்மையா என்பதில் இன்றும் சண்டை இருக்கிறது). பத்திரிகைகள் கொண்டாடின, அவர் மேல் பாட்டே அச்சடித்து விற்றார்கள், நாடெங்கும் இருந்து கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டுக் கடிதங்கள் குவிந்தனவாம்.

அதே மாநிலத்தில் ப்ளெய்ன்வியூ ஊருக்குப் பக்கத்தில் லோயிஸ் ராய்ஸ் என்ற இன்னொரு ஆசிரியை. அவரிடம் அன்று மிஞ்சியிருந்தது மூன்று சின்னக் குழந்தைகள். அடுப்புக்கு எரிபொருள் தீர்ந்துவிட்டது. அவர் தங்கியிருந்த வீடு கூப்பிடு தூரத்தில்தான். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வழி தவறிவிட்டது. இரவு முழுக்கத் திறந்த வெளியில் மூவரையும் அணைத்துக்கொண்டு கிடந்தார். விடிவதற்குள் மூன்று குழந்தைகளும் இறந்துபோனார்கள். அவர் பிழைத்தார், ஆனால் உறைந்துபோன பாதங்களை வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று.

மின்னி செய்ததும் லோயிஸ் செய்ததும் ஒரே காரியம்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். இருவருமே பள்ளியை விட்டுக் கிளம்பினார்கள். ஒருவருக்குப் பாட்டு, ஒருவருக்குப் பாதம் போயிற்று. புயலில் மொத்தம் 235 பேர் இறந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் அதில் நிறைய. ‘பள்ளிக் குழந்தைகளின் பனிப்புயல்’ என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

இரண்டு மாதம் கழித்து மார்ச்சில் நியூயார்க்கையும் ஒரு பனிப்புயல் முடக்கியது. தந்திக் கம்பிகளைப் பூமிக்கு அடியில் புதைக்கவும், சுரங்க ரயில் வேண்டும் என்ற பேச்சு வலுக்கவும் அது ஒரு காரணம். அது தனிக் கதை.

சரி, ‘இன்று வராதீர்கள்’ என்று சொல்லும் வழக்கம் எப்போது வந்தது? இந்தச் சாவுகளைப் பார்த்து மறுநாளே யாரும் சட்டம் போட்டுவிடவில்லை. அதைக் கொண்டுவந்தது, யாரும் எதிர்பார்க்காத ஒரு பொருள்: பள்ளிப் பேருந்து.

இருபதாம் நூற்றாண்டில் ஒற்றை அறைப் பள்ளிகளை மூடி, நாலைந்து ஊருக்கு ஒரு பெரிய பள்ளி என்று இணைத்தார்கள். பிள்ளைகளைத் தூரத்திலிருந்து ஏற்றி வர வேண்டியிருந்தது. 1939-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சைர் என்ற பேராசிரியர் ஒரு மாநாடு கூட்டி, பள்ளிப் பேருந்துக்குப் பொதுவான விதிகளை வகுத்தார். நாம் ஹாலிவுட் படங்களில் பார்க்கும் அந்த மஞ்சள் நிறம் அங்கே தேர்ந்தெடுத்ததுதான். விடிகாலை இருட்டிலும் கண்ணில் படும் நிறம் என்று காரணம் சொன்னார்கள்.

தன் வீட்டுப் பிள்ளை நடந்து போய் விழுந்தால் அது குடும்பத்தின் பாடு. பள்ளியே அனுப்பிய பேருந்து நாற்பது பிள்ளைகளோடு சறுக்கிக் கவிழ்ந்தால் அது யார் பாடு? அங்கேதான் பொறுப்பு கை மாறியது. பனி கொட்டும் நாளில் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு எழுந்து, தானே காரை எடுத்துக்கொண்டு மலைச்சரிவுச் சாலைகளில் ஓட்டிப் பார்ப்பார். பனி அள்ளும் லாரிக்காரர்களிடம் கேட்பார். பக்கத்து ஊர்க் கண்காணிப்பாளருக்குப் போன் போட்டு, ‘நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று விசாரிப்பார் (தனியாக முடிவெடுக்க எல்லோருக்கும் பயம்தான்). ஐந்து, ஐந்தரைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதற்குமேல் ஓட்டுநர்கள் கிளம்பிவிடுவார்கள். லீவு விட்டு வெயிலடித்தால் ஊர் சிரிக்கும். விடாமல் ஒரு பேருந்து கவிழ்ந்தால் ஊர் மன்னிக்காது.

அந்த முடிவு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த விதம் ஊருக்கு ஊர் வேறு. சில சிற்றூர்களில் தீயணைப்பு நிலையத்துச் சங்கை ஊதுவார்கள். பெரும்பாலும் வானொலிதான். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் டபிள்யூ.பி.ஆர்.ஓ. வானொலியின் சால்ட்டி பிரைன் என்ற அறிவிப்பாளர் சுமார் அரை நூற்றாண்டு காலம் இந்தப் பட்டியலை வாசித்தார். மாநிலத்தின் மேற்குக் கோடியில் மேட்டுப்பாங்கான ஃபாஸ்டர், குளோஸ்டர் என்று இரண்டு ஊர்கள் சேர்ந்த ஒரு பள்ளி மாவட்டம். அங்கே பனி அதிகம், லீவும் அதிகம். ‘ஃபாஸ்டர்-குளோஸ்டருக்குப் பள்ளி இல்லை’ என்று அவர் எதுகையோடு சொல்லும் அந்த ஒரு வரி அந்த மாநிலத்தில் மூன்று தலைமுறைக்கு மனப்பாடம். மற்ற ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ‘அவர்களுக்கு மட்டும் எப்போதும் லீவு’ என்று பொருமிக்கொண்டே தங்கள் ஊர்ப் பெயருக்காகக் காத்திருப்பார்கள். பட்டியல் அகர வரிசையில் போகும். தன் ஊர்ப் பெயர் வரவேண்டிய இடம் வந்து, அடுத்த ஊருக்குத் தாவிவிட்டால் வரும் ஏமாற்றம் இருக்கிறதே!

ரோட் ஐலண்டில் ஒரு கடற்கரைக்கு இன்று சால்ட்டி பிரைன் பெயர்தான். பனியில் புகழ்பெற்றவருக்குக் கோடைக்காலத்தில் கூட்டம் சேரும் இடம்.

ஆக, குழந்தைக்குத் தெரிவது வானத்திலிருந்து விழும் லீவு. உண்மையில் யாரோ ஒரு பெரியவர் தூக்கம் கெட்டு எடுத்த முடிவு. 1888-ல் மின்னி, லோயிஸ் தலையில் விழுந்த அந்தச் சுமையை வேறொருவர் வாங்கிக்கொண்டதால்தான் பிள்ளைகள் சும்மா சந்தோஷப்பட முடிந்தது.

கல்லூரிகள் இந்த வழக்கத்துக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. மாணவர்கள் விடுதியில்தானே இருக்கிறார்கள், நடந்து வரட்டும் என்ற நினைப்பு. உலகம் அழிவது மாதிரி ஏதாவது தெய்வச் செயல் நடந்தால்தான் ஹார்வர்டு மூடும் என்று அங்கே மாணவர்களுக்கான டீனாக இருந்த ஆர்ச்சி எப்ஸ் சொன்னது இன்றும் பேசப்படுகிறது. அந்த ஹார்வர்டையே மூடவைத்தது 1978 பிப்ரவரி 6, 7 தேதிகளில் வந்த பனிப்புயல்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தடவை வானிலைக்காரர்கள் சரியாகவே சொல்லியிருந்தார்கள். திங்கள் விடியும் முன்பே கொட்டும் என்றார்கள். விடிந்து பார்த்தால் ஒன்றுமில்லை. ‘வழக்கம்போல் தப்பாகச் சொல்லிவிட்டார்கள்’ என்று எல்லோரும் வேலைக்குப் போனார்கள். பனி சில மணி நேரம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பப் பார்த்தபோது பாஸ்டனைச் சுற்றி ஓடும் 128-ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 3,000 கார்களும் 500 லாரிகளும் அப்படியே புதைந்து நின்றன. வண்டிக்குள் சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டவர்களில் சிலர், பனி புகைக்குழாயை அடைத்ததால் விஷவாயுவில் இறந்தார்கள். பாஸ்டனில் 27.1 அங்குலம் கொட்டியது. காலை இதமாக இருந்ததை நம்பிக் கோட்டில்லாமல் போன 1888 பிள்ளைகள் நினைவுக்கு வரவில்லையா?

அன்று மாலை பாஸ்டன் கார்டன் அரங்கில் ஊரின் நான்கு கல்லூரிகள் மோதும் பீன்பாட் ஐஸ் ஹாக்கிப் போட்டி. புயலைப் பொருட்படுத்தாமல் ஆயிரக்கணக்கில் கூட்டம். ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் ஊரே காணோம். ரயில் இல்லை, சாலை இல்லை. நூற்றுக்கணக்கானோர் அரங்கிலேயே தங்கி, இருக்கைகளில் படுத்து, மிச்சமிருந்த ஹாட்டாக்கைத் தின்று நாட்களைக் கடத்தினார்கள். இறுதி ஆட்டம் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போனது.

ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ் கோட்டு சூட்டை விட்டுவிட்டு ஸ்வெட்டரோடு டிவியில் தோன்றி மக்களிடம் பேசினார். சுமார் ஒரு வாரம் தனியார் வாகனங்களுக்குத் தடை. கார் ஓடாத நகரத் தெருக்களில் பனிச்சறுக்குக் கட்டையில் போனார்கள். கல்லூரி மாணவர்கள் சாப்பாட்டுக்கூடத்துத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் மேட்டிலிருந்து அதில் உட்கார்ந்து சறுக்கினார்கள் (அமெரிக்க விடுதிகளின் பழைய வழக்கம் இது, தட்டுக் கணக்கு எந்த வருடமும் சரியாக வராது). அந்த வாரத்தைக் கல்லூரியில் கழித்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். வாழ்க்கையின் சிறந்த வாரம் என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு.

அதே வாரத்தில்தான், மாசசூசெட்ஸின் அக்ஸ்பிரிட்ஜ் ஊரில் 10 வயதுப் பையன் ஒருவன் காணாமல் போனான். ஊரே தேடியது. மூன்று வாரம் கழித்துப் பனி இறங்கியபோது, வீட்டு வாசலிலிருந்து சில அடி தூரத்தில் கிடைத்தான். அந்தப் புயலில் இறந்தவர்கள் சுமார் நூறு பேர்.

ஒரே வாரம்தான். தட்டில் சறுக்கியதும் அதில்தான், இதுவும் அதில்தான். இருபது வயதில் முதலாவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது.

இனி கணக்கு. பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி ஆண்டுக்குச் சுமார் 180 நாள் நடக்க வேண்டும் என்பது சட்டம். மாசசூசெட்ஸில் பனிக்கென்று ஐந்து நாள் சேர்த்து 185-ஆகத் திட்டம் போடுவார்கள். அதற்கு மேல் போனால் ஜூன் மாத வெயிலில் அடைக்க வேண்டும். அதாவது லீவு இலவசமில்லை, கடன். ஒஹாயோவில் இதற்கு ‘பேரிடர் நாள்’ என்றே அரசாங்கப் பெயர் இருந்தது. பிள்ளைக்குக் கொண்டாட்டம், கோப்பில் பேரிடர்!

லீவினால் படிப்பு கெடுகிறதா என்று ஜோஷுவா குட்மன் என்ற பொருளியலாளர் மாசசூசெட்ஸ் பள்ளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். 2014-ல் வந்த முடிவு பலரை ஆச்சரியப்படுத்தியது. பனிக்காகப் பள்ளியை மூடிய நாட்களால் தேர்வு மதிப்பெண் குறையவில்லை. பள்ளி திறந்திருந்து சிலர் மட்டும் வராமல் போன நாட்களால்தான் குறைந்தது. யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. எல்லோரும் வராவிட்டால் ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். பாதிப் பேர் வராவிட்டால் யாருக்காக நிற்பது, யாருக்காக ஓடுவது?

அந்த 2014 குளிர்காலத்திலேயே இதற்கு ஓர் உதாரணம். பிப்ரவரி 13 அன்று நியூயார்க்கில் கடும் பனி. பள்ளிகளை மூட மாட்டோம் என்றார்கள். கல்வித் தலைவர் கார்மென் ஃபரீன்யா பத்திரிகையாளர்களிடம் அழகான நாள் என்று சொல்லப்போய், ஊர் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார். பாதிக்கும் குறைவான மாணவர்களே வந்தார்கள். ஆனால் மேயர் டி பிளாசியோ சொன்ன காரணத்தைச் சும்மா ஒதுக்க முடியாது. பள்ளியில் கிடைக்கும் சூடான சாப்பாட்டை நம்பியிருக்கும் குழந்தைகள் அங்கே லட்சக்கணக்கில். வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடும் பெற்றோர்கள், பிள்ளையை எங்கே விட்டுவிட்டுப் போவார்கள்? பைஜாமாவைத் திருப்பிப் போடும் பிள்ளைக்கு ஒரு லீவு, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வேளைப் பட்டினி. பதினொரு லட்சம் பிள்ளைகள் படித்த ஊரில் இந்தக் கணக்கைப் போட்டவர் இடத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

கல்லூரிப் பக்கம் அதே குளிர்காலம் இன்னும் அசிங்கமானது. ஜனவரி 26, ஞாயிறு இரவு, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் வேந்தர் ஃபிலிஸ் வைஸ், நாளை கடும் குளிராக இருந்தாலும் வகுப்புகள் நடக்கும் என்று மாணவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கிடைக்கும் என்று நம்பிய லீவு கிடைக்கவில்லை. மனு போட்டார்கள், அது சரி. ஆனால் ட்விட்டரில் சிலர் அவரைத் திட்டிய விதம்? அவர் பெண் என்பதையும், சீன வம்சாவளி என்பதையும் வைத்து, எழுதக் கூசும் வார்த்தைகள். செய்தவர்கள் பாதி தூக்கத்தில் வானொலி கேட்கும் குழந்தைகள் இல்லை, ஓட்டுரிமை உள்ள பெரியவர்கள். ஒரு நாள் லீவுக்காக! இரண்டு நாள் கழித்துப் பக்கத்து மாநிலம் ஒன்றைத் தாண்டி மிச்சிகன் பல்கலைக்கழகம் குளிருக்காக வகுப்புகளை ரத்து செய்தது. அங்கே 1978-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. வராதீர்கள் என்று சொல்கிற ஆள் எல்லா இடத்திலும் இருக்கிறார், சொல்லாத நாளில்தான் அவர் முகம் தெரிகிறது.

இப்போது நம் பாஸ்டன் பையனிடம் வருவோம். 2015-ல் அவனுக்கு 12, 13 வயது. அந்தக் குளிர்காலத்தில் பாஸ்டனில் மொத்தம் 110.6 அங்குலம் பனி, கிட்டத்தட்ட ஒன்பதேகால் அடி. அதுவரை பதிவான எல்லாக் கணக்கையும் தாண்டியது. வாரத்துக்கு வாரம் லீவு. பெரியவர்களே ஜன்னல் வழியாகப் பனிக்குவியலில் குதித்து வீடியோ போட, மேயர் மார்ட்டி வால்ஷ் நிறுத்தச் சொல்லி அதட்ட வேண்டியிருந்தது. எம்.ஐ.டி. வளாகத்தில் அள்ளிக் கொட்டிய பனி மலையாகி, ‘எம்.ஐ.டி. ஆல்ப்ஸ்’ என்று பெயர் வாங்கியது. மாணவர்கள் அதன் மேல் ஏறிச் சறுக்கினார்கள். பையன் அதைப் பார்த்து, கல்லூரி என்றால் இதுதான் என்று முடிவு செய்திருப்பான். ஜூன் கடைசி வரை பள்ளிக்குப் போனதை மறந்திருப்பான்.

அவன் கல்லூரியில் சேர்ந்தது 2020 இலையுதிர் காலத்தில். கொரோனா. பள்ளிகள் எல்லாம் கணினித் திரைக்குப் போயிருந்தன. அந்த ஆண்டு நியூயார்க், இனி ஸ்நோ டே கிடையாது, பனி கொட்டினால் வீட்டிலிருந்தே வகுப்பு என்று அறிவித்தது. டிசம்பர் 17 அன்று பனி கொட்டியது. பிள்ளைகள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நியூஹாம்ப்ஷயர் போன்ற இடங்களில் இதற்குப் பத்து வருடம் முன்பே, பனி நாளில் வீட்டில் செய்ய ஒரு பை நிறையப் பாடம் கொடுத்தனுப்பும் வழக்கம் வந்திருந்தது. அதாவது லீவைப் பிடுங்கும் எண்ணம் பழையது, கருவிதான் புதுசு.

அதே வாரம் மேற்கு வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் மாவட்டத்தில் பள்ளிக் கண்காணிப்பாளர் போண்டி ஷே கிப்சன் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதினார். திரையில் வகுப்பு நடத்த எல்லா வசதியும் இருக்கிறது, ஆனால் நாளை நடத்தப்போவதில்லை. பழைய காலத்து லீவு விடுகிறோம். பனிமனிதன் செய்யுங்கள், சூடாகச் சாக்லேட் குடியுங்கள், கவலைகளை நாளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். நாடு முழுவதும் அதைப் பகிர்ந்தார்கள். படித்து அழுதோம் என்று எழுதியவர்களில் பலர் பெரியவர்கள்.

நம் மாணவனுக்கு அடுத்த வருடம் விடுதியில் நேரடி வகுப்பு. 2022 ஜனவரி 29 அன்று பாஸ்டனில் ஒரே நாளில் 23.6 அங்குலம் கொட்டி, பழைய ஒருநாள் சாதனையைச் சமன் செய்தது. கிழமை? சனி! வானத்துக்கே மனசாட்சி இல்லை. இருந்தாலும் நண்பர்களோடு பனியுருண்டை எறிந்து விளையாடியிருப்பான். செலவுக்காகச் சாப்பாட்டுக்கூடத்தில் மணிக்கூலிக்குச் சேர்ந்த பிறகுதான் வேறொன்று தெரிய ஆரம்பித்திருக்கும். வகுப்பு ரத்து என்ற அறிவிப்பின் அடியில் ‘அத்தியாவசியப் பணியாளர்கள் வழக்கம்போல் வர வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். முன்பெல்லாம் அந்த வரி வரை படித்ததே இல்லை. இரண்டு பேருந்து மாறி வரும் சமையல்கார அம்மா, பேருந்து ஓடுமா என்று முந்தின இரவே கேட்டுக்கொண்டிருப்பார். பனி அள்ளுகிறவர்கள் மூன்று மணிக்கே வந்துவிடுவார்கள். நூலகத்தில் வேலை செய்யும் நண்பனுக்கோ நூலகம் மூடினால் அன்றைய கூலி இல்லை. கட்டிய கல்லூரிக் கட்டணத்தை வகுப்பு எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்து, ரத்தான வகுப்பு இத்தனை டாலர் என்று சொல்லும் ஒருவனும் கும்பலில் இருப்பான். எல்லா வகுப்பிலும் அப்படி ஒருவன் உண்டு.

அதற்கடுத்த இரண்டு குளிர்காலங்களில் பாஸ்டனில் பனியே சரியாகப் பெய்யவில்லை. 2022–23-ல் 12.4 அங்குலம், 2023–24-ல் 9.8 அங்குலம். எட்டு வருடத்துக்கு முன் நூற்றுப் பத்து பெய்த ஊர்.

2024 பிப்ரவரி 13, செவ்வாய். அவனுடைய கடைசி வருடம். வடகிழக்கு முழுவதும் பெரும் பனி என்று எச்சரிக்கை. நியூயார்க் சொன்னபடியே திரைவழி வகுப்பு அறிவித்தது. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்ததில் உள்நுழையும் சேவை திணறி, ஏராளமான பிள்ளைகளும் ஆசிரியர்களும் வெளியே நின்றார்கள். வெளியே நல்ல பனி. பாஸ்டனிலோ முந்தின நாளே பள்ளிகளுக்கு லீவு விட்டுவிட்டார்கள். புயல் தெற்கே விலகிப் போய்விட்டது. நகரத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் விழவில்லை. முடிவெடுத்தவர்களை ஊர் கேலி செய்தது. விடிகாலையில் காரை எடுத்துக்கொண்டு சாலையைப் பார்க்கப் போன எல்லாக் கண்காணிப்பாளர்களும் பயந்தது இதற்குத்தான்.

நம் மாணவனின் கல்லூரியிலும் வகுப்பு ரத்து என்று வைத்துக்கொள்வோம். அறிவிப்பு வந்ததும் விடுதியில் பழையபடி ஒரு கூச்சல் எழுந்திருக்கும், அவனும் சேர்ந்து கத்தியிருப்பான். பிறகு கடைசி வரி வரை படித்துவிட்டு, காலை ஆறு மணிக்கு அலாரம் வைத்திருப்பான். சாப்பாட்டுக்கூடத்தில் அன்று அவனுக்கு முதல் ஷிஃப்ட். விடிந்து பார்த்தால் தெருவில் பனி இல்லை, ஈரம் மட்டும். பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. சமையல்கார அம்மா அவனுக்கு முன்பே வந்து அடுப்பைப் பற்றவைத்திருந்தார்.